கைடு கூட கிளேசியர் மேல நடக்கப் போறீங்களா? புக் பண்றதுல இருந்து கீழ இறங்குற வரைக்கும்

ஐஸ்லாந்து, நார்வே, நியூசிலாந்து, அர்ஜென்டினா, அலாஸ்கா, கனடான்னு எங்க டூர் பிளான் போட்டாலும் "கிளேசியர் ஹைக்"னு ஒண்ணு, அதாவது பனியாறு மேல நடக்குறது, கண்டிப்பா கண்ணுல படும். போட்டோவுல நீலக் கலர்ல ஐஸ் இருக்கும், ஹெல்மெட் போட்டு சிரிச்சுட்டு நிக்கிற ஆளுங்க இருப்பாங்க, உடனே மனசுல ரெண்டு கேள்வி வரும், நம்மளால முடியுமா, ஆபத்தில்லையா. முதல் கேள்விக்குப் பதில் ஈஸி: மேடு பள்ளத்துல மூணு மணி நேரம் நிதானமா நடக்க முடிஞ்சா ஆரம்ப நிலை நடை தாராளமா முடியும். ரெண்டாவதுக்கு, கிளேசியர் ஆபத்தான இடம்தான், அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. அந்த ஆபத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் முன்னாடி நடக்குறதுதான் உங்களுக்கு இருக்குற பாதுகாப்பு. அதனால எந்த நாடு, எந்த கிளேசியர்னு யோசிக்கிறதை விட யார் பின்னாடி நடக்கப் போறோம்னு யோசிக்க அதிக நேரம் குடுங்க.

சில இடத்துல பார்க்கிங்ல இருந்து கொஞ்ச நேரம் நடந்தாலே ஐஸ் விளிம்பு வந்துடும். வேலி இருக்காது, காவல் இருக்காது, பாக்க வெறும் அழுக்கான ஐஸ் மேடு மாதிரி இருக்கும், சும்மா ஒரு பத்து அடி ஏறி போட்டோ எடுத்துட்டு வந்துடலாம்னு தோணும். தயவு செஞ்சு ஏறாதீங்க. கிளேசியர் நகர்ந்துட்டே இருக்குற ஐஸ். அடி ஆழத்துல இருக்குற ஐஸ் மேல இருக்குற எடையால மெதுவா வழியும், மேல் பகுதி அப்படி வளைஞ்சு குடுக்காது, இறுக்கமா இருக்கும், அதனால வளைவுலயும் சரிவு செங்குத்தாகுற இடத்துலயும் வெடிச்சுப் பிளந்துடும். அந்தப் பிளவுங்களைத்தான் கிரெவாஸ்னு சொல்றாங்க, பல மாடி ஆழம் கூடப் போகும். அர்ஜென்டினாவுல இருக்குற பெரிட்டோ மொரேனோ கிளேசியர் நடுப்பகுதியில ஒரு நாளைக்கு சுமார் 2 மீட்டர் வரைக்கும் நகருது, அப்படின்னா போன வாரம் இருந்த வழி இந்த வாரம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. பல இடங்கள்ல கைடுங்க காலையில டூர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய் கோடாரியால படி வெட்டி வழியை சரி பண்ணி வெக்கிறாங்க, நீங்க காசு குடுக்குறது முக்கியமா அந்த வேலைக்குத்தான்.

இப்ப புக் பண்ற கதைக்கு வருவோம். வெப்சைட்ல "5 மணி நேர டூர்"னு போட்டிருந்தா அதுல ஐஸ் மேல எவ்வளவு நேரம்னு தனியா கேளுங்க. பஸ், படகு, டிரெஸ் மாத்துறது, கிராம்பான் (ஐஸ்ல வழுக்காம இருக்க ஷூவுக்கு அடியில மாட்டுற கூரான பல்லு வெச்ச சட்டம்) மாட்டக் கத்துக் குடுக்குறது எல்லாம் போக ஐஸ் மேல ஒண்ணரை மணி நேரம்தான் மிஞ்சும்னு நிறைய இடத்துல இருக்கும். அது தப்பில்ல, முதல் தடவைக்கு அந்த ஒண்ணரை மணி நேரமே நல்லா இருக்கும், ஆனா தெரிஞ்சு போகணும். அடுத்து ஒரு கைடுக்கு எத்தனை பேர்னு கேளுங்க. பன்னெண்டு பேர் சுத்தி இருந்தா பரவால்ல, அதுக்கு மேல போகப் போக வரிசை நீளமாகிடும், பின்னாடி நிக்கிறவங்களுக்கு கைடு சொல்றது காதுல விழாது, அவங்க கால் வெக்கிற விதத்தை கைடால பாக்கவும் முடியாது. ரெண்டு கம்பெனில ஒண்ணு கொஞ்சம் விலை கம்மி, இன்னொண்ணு குரூப் சின்னதுன்னா நான் ரெண்டாவதைத்தான் எடுப்பேன், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

கைடோட தகுதியையும் கூச்சப்படாம கேளுங்க. மலை கைடுகளுக்கு உலக அளவுல ஐ.எஃப்.எம்.ஜி.ஏ.ன்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு, அதோட சான்றிதழ்தான் இந்தத் தொழில்ல உச்சம். ஆனா ஆரம்ப நிலை கிளேசியர் நடைக்கு எல்லா கைடும் அந்த அளவுக்குப் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. ஐஸ்லாந்துல மலை கைடுகள் சங்கம் வெறும் ஐஸ் மேல நடத்துறதுக்குன்னே தனி பயிற்சி குடுக்குது, நியூசிலாந்துலயும் அதே மாதிரி சங்கம் இருக்கு. "உங்க கைடுங்க எந்தப் பயிற்சி முடிச்சிருக்காங்க, கிரெவாஸ்ல ஒருத்தர் விழுந்தா மேல தூக்குற பயிற்சி இருக்கா"ன்னு ஒரு மெயில் போட்டா நல்ல கம்பெனி விவரமா பதில் போடும். மழுப்புனா வேற இடம் பாருங்க.

வயசு வரம்பை முதல்லயே பாத்துடுங்க, குடும்பமா போறவங்க இதுல தான் மாட்டிக்குறாங்க. கீழ் வரம்பு பெரும்பாலும் எட்டு பத்து வயசு கிட்ட இருக்கும், காரணம் கிராம்பான் அதுக்குக் கீழ உள்ள சின்ன ஷூவுக்கு சரியா பிடிக்காது. பெரிட்டோ மொரேனோ மாதிரி இடத்துல மேல் வரம்பும் உண்டு, நீளமான நடைக்கு அது இன்னும் கறாரா இருக்கும். முட்டி ஆபரேஷன் ஆனவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, இதயப் பிரச்சனை இருக்குறவங்க புக் பண்றதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு எழுதிக் கேட்டுடுங்க, ஐஸ் விளிம்புல போய் நின்னு சொல்றதால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் இன்சூரன்ஸ். டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துட்டோம், எல்லாம் கவர் ஆகும்னு நினைக்காதீங்க. நிறைய பாலிசில கயிறு, கிராம்பான், ஐஸ் கோடாரி பயன்படுத்துற விளையாட்டெல்லாம் கவர் ஆகாதுன்னு உள்ள எங்கயாவது ஒரு வரி இருக்கும். அந்த விலக்குப் பட்டியலை மட்டுமாவது படிச்சிடுங்க, கிளேசியர் நடை அதுல வந்தா கூடுதல் கவர் வாங்குங்க, மலையில இருந்து ஹெலிகாப்டர்ல தூக்குற செலவும் உள்ள இருக்கான்னு பாருங்க.

எந்த இடம்னு கேட்டா, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் இருக்கு. ஐஸ்லாந்தோட தெற்குக் கரையில இருக்குற சோல்ஹெய்மாயோகுட்ல் கிளேசியர்தான் முதல் தடவை போறவங்களுக்கு ரொம்ப வசதி, ரெய்க்யாவிக்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, வருஷம் முழுக்க டூர் நடக்குது. காட்லா எரிமலையை மூடிட்டு இருக்குற பெரிய பனிப்போர்வையில இருந்து இறங்குற கிளை அது, அதனால ஐஸ்ல கறுப்பு கறுப்பா சாம்பல் கோடு ஓடும், சுத்தமான வெள்ளையா எதிர்பாத்துப் போனா முதல்ல சப்புனு இருக்கும், உள்ள போகப் போக அதுதான் அழகுன்னு புரியும். இன்னும் கிழக்க போனா ஸ்காஃப்டாஃபெல் பக்கம் வாட்னயோகுட்ல்ங்கிற பெரிய பனிப்போர்வையோட கிளைங்க இருக்கு, அங்க ஐஸ் இன்னும் கரடு முரடா, பாக்கப் பிரமாண்டமா இருக்கும். நார்வேயில நிகார்ட்ஸ்பிரீன் கிளேசியர் கோடை காலத்து நடை. கனடாவுல அதபாஸ்கா கிளேசியர் ரோட்டுல இருந்து ரொம்பக் கிட்ட. நியூசிலாந்தோட ஃபிரான்ஸ் ஜோசஃப் கிளேசியர்ல முன்னெல்லாம் பள்ளத்தாக்கு வழியா நடந்தே ஐஸ் மேல ஏறுவாங்க, ஐஸ் பின்வாங்கி விளிம்பு பாதுகாப்பில்லாம போனதால 2012ல இருந்து ஹெலிகாப்டர்ல போய் மேல இறங்கித்தான் நடக்க முடியுது. அங்க மழை அதிகம், மேகம் இறங்குனா ஹெலிகாப்டர் கிளம்பாது, டூர் கேன்சல் ஆகுறது சகஜம். அந்தப் பக்கம் போறீங்கன்னா கையில ஒரு நாள் உபரியா வெச்சுக்கோங்க, முதல் நாளே புக் பண்ணிடுங்க, கேன்சல் ஆனா அடுத்த நாள் மாத்திக்கலாம்.

கோடையா குளிர்காலமான்னு நிறைய பேர் குழம்புறாங்க. கோடையில மேல் பனி உருகி வெறும் ஐஸ் தெரியும், கிரெவாஸ் எல்லாம் கண்ணுக்கு முன்னாடி வாயைத் திறந்து கிடக்கும், தண்ணி ஓடுற ஓடை, குழி எல்லாம் பாக்கலாம். குளிர்காலத்துல ஐஸ் நீலமா இருக்கும், கூட்டம் கம்மி, ஆனா புதுப் பனி விழுந்து பிளவுங்களை மூடிடும், பகல் வெளிச்சமும் குறைவு. ஐஸ் குகை பாக்கணும்னா அது குளிர்காலத்துக்கான விஷயம்னே வெச்சுக்கோங்க. 2024 ஆகஸ்ட்ல ஐஸ்லாந்தோட பிரெய்தாமெர்குர்யோகுட்ல் கிளேசியர்ல ஐஸ் சரிஞ்சு விழுந்து டூர்ல வந்த ஒருத்தர் இறந்துட்டார், இன்னொருத்தருக்குப் பலமான காயம். வெயில் காலத்துல ஐஸ் சுவர், ஐஸ் கூரை எதையும் நம்ப முடியாது. கோடையில யாராவது இயற்கையான குகைக்குள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

டிரெஸ் விஷயத்துல ஒரே ஒரு கண்டிப்பு: காட்டன் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். காட்டன் நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிட்டே இருக்கும், ஜீன்ஸ் போட்டு வந்தா சில கம்பெனில மேல கூட்டிட்டே போக மாட்டாங்க. உடம்பை ஒட்டி கம்பளி இல்ல சிந்தெடிக் பனியன், அது மேல ஃபிளீஸ், அது மேல காத்தும் மழையும் உள்ள போகாத ஜாக்கெட், கீழயும் அதே மாதிரி பேன்ட் மேல ஒரு மழை பேன்ட். நடக்க ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல வேர்க்கும், நின்னு கைடு பேசுறதைக் கேக்குறப்ப குளிரும், கழட்டி மாட்டிட்டே இருக்குற மாதிரி தான் இருக்கணும், ஒரே தடிமனான குளிர் கோட்டு இதுக்கு உதவாது. கிளேசியர் மேல இருந்து கீழ நோக்கி குளிர் காத்து இறங்கிட்டே இருக்கும், கார் கிட்ட இதமா இருந்தா அதை நம்பி ஜாக்கெட்டை விட்டுட்டுப் போகாதீங்க. பேன்ட் கால் தொளதொளன்னு இருக்கக் கூடாது, ஏன்னு கீழ சொல்றேன்.

கிளவுஸ் வெயில் அடிச்சாலும் போடணும். குளிருக்கு மட்டும் இல்ல, கிளேசியர் ஐஸ் மேல்பரப்பு கரடா, கூரா இருக்கும், கை ஊனி விழுந்தா தோல் உரிஞ்சிடும். ஒரு ஜோடி நனைஞ்சா மாத்த இன்னொரு ஜோடி பையில இருக்கட்டும். கூலிங் கிளாஸ் மேகமூட்டமா இருந்தாலும் வேணும், புதுப் பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும். அதனால சன்ஸ்கிரீனை நெத்தி கன்னத்தோட நிறுத்தாம தாடைக்கு அடியிலயும் மூக்கோட கீழ்ப்பக்கமும் தடவுங்க, வெயில் கீழ இருந்தும் வருது.

ஷூ தான் எல்லாத்தையும் விட முக்கியம். கணுக்காலை மூடுற, அடிப்பாகம் வளையாத ஹைக்கிங் பூட் வேணும். ஓடுற ஷூ மாதிரி வளையுற ஷூவுல கிராம்பானை மாட்டுனா நடக்க நடக்க அது தளர்ந்து கழண்டுடும். உங்க கிட்ட இல்லன்னா பெரும்பாலான கம்பெனில வாடகைக்குக் கிடைக்கும், புக் பண்றப்பவே சைஸ் சொல்லிடுங்க. போட்டுப் பாக்குறப்ப தடிமனான சாக்ஸோட போடுங்க, முன்னாடி குனிஞ்சு நின்னு பாருங்க, விரல் நுனி முன்னாடி இடிக்கக் கூடாது, இடிச்சா இறங்குறப்ப நகம் கறுத்துடும். முதல் நாளே நகத்தை வெட்டிடுங்க.

பையில தண்ணி, ஏதாவது நொறுக்குத் தீனி, அவ்வளவுதான். பை ரெண்டு தோள்லயும் மாட்டுறதா இருக்கணும், கையில தொங்குற பை எதுவும் வேண்டாம். மேல டாய்லெட் கிடையாது, கிளம்புறதுக்கு முன்னாடி கண்டிப்பா போயிட்டு வந்துடுங்க, தேவை இல்லன்னு தோணுனாலும்.

ஐஸ் விளிம்புக்குப் போனதும் ஹெல்மெட், ஹார்னெஸ் (கயிறு மாட்ட இடுப்புலயும் தொடையிலயும் கட்டுற பட்டை), கோடாரி, கிராம்பான் எல்லாம் குடுப்பாங்க. ஹார்னெஸ் மாட்டிட்டு கயிறே கட்டலையேன்னு சில பேர் பயப்படுறாங்க. கோடையில வெறும் ஐஸ் மேல பிளவு கண்ணுக்குத் தெரியுது, அதுல எல்லாரையும் ஒரே கயித்துல கட்டுனா ஒருத்தர் வழுக்குறப்ப மத்தவங்களையும் இழுத்துட்டுப் போக வாய்ப்பு இருக்கு, அதனால தனித்தனியா நடக்க விடுறாங்க. யாராவது விழுந்துட்டா கயித்தை உடனே மாட்டி இழுக்குறதுக்குத்தான் ஹார்னெஸ். பனி மூடுன கிளேசியர்னா பிளவு எங்கன்னு தெரியாது, அங்க கயிறு கட்டித்தான் போகணும். கயிறு கட்டுறாங்களா இல்லையாங்கறதை இடம் தான் முடிவு பண்ணுது.

கிராம்பான் மாட்டுறதை அவசரப்படாம பண்ணுங்க, அந்த அஞ்சு நிமிஷத்துல தான் மொத்த நடையும் இருக்கு. தட்டையான இடத்துல கிராம்பானைக் கீழ வெச்சு, பல்லுங்க கீழ பாத்து இருக்க, ஷூவை அதுக்குள்ள இறக்குங்க. முன்னாடி ரெண்டு பல்லு ஷூ நுனியைத் தாண்டி நீட்டிட்டு இருக்கணும், குதிகால் பின்னாடி இருக்குற பிடிக்குள்ள முழுசா உக்காந்திருக்கணும். பக்கிள் எப்பவும் காலோட வெளிப்பக்கம் வரணும், உள்பக்கம் வந்தா மறு கால் பல்லு அதுல மாட்டும். பட்டையை இழுத்துக் கட்டி, மிச்சம் தொங்குற வாலை உள்ள சொருகிடுங்க. அப்புறம் காலைத் தூக்கி ஒரு உதறு உதறுங்க, கிராம்பான் துளி கூட ஆடக் கூடாது. நல்ல கைடு ஒவ்வொருத்தர் காலையும் குனிஞ்சு தானே பிடிச்சு ஆட்டிப் பாப்பார். உங்களோடதை விட்டுட்டாருன்னா கூப்பிட்டுக் காட்டுங்க. நடுவுல தளருற மாதிரி ஒரு உணர்வு வந்தா உடனே சத்தமா சொல்லிடுங்க, அடுத்த பிரேக்ல பாத்துக்கலாம்னு இழுக்காதீங்க.

நடக்குறது எப்படி? ஷூவோட நடக்குற பழக்கத்தைக் கொஞ்சம் மறக்கணும். சாதாரணமா குதிகாலை முதல்ல வெச்சு விரலால தள்ளுவோம், இங்க மொத்தப் பாதத்தையும் ஒரே நேரத்துல தட்டையா வெக்கணும், அப்பதான் எல்லாப் பல்லும் ஐஸ்ல இறங்கும். கொஞ்சம் அழுத்தியே வைங்க, மென்மையா வெக்கிறவங்க தான் வழுக்குறாங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு ஜாண் இடைவெளி எப்பவும் இருக்கட்டும், ஒட்டி ஒட்டி நடந்தா ஒரு கால் பல்லு இன்னொரு கால் பேன்ட்ல கொக்கி மாதிரி மாட்டி முகம் குப்புற விழ வெச்சிடும். தொள பேன்ட் வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான். கெய்ட்டர் (ஷூவுக்கு மேல முட்டிக்குக் கீழ சுத்தி மாட்டுற உறை) இருந்தா போட்டுக்கோங்க, பேன்ட் கால் அடங்கி இருக்கும்.

ஏறுறப்ப வாத்து நடக்குற மாதிரி விரலை வெளிப்பக்கம் திருப்பி, சின்னச் சின்ன அடியா வைங்க. இறங்குறதுதான் எல்லாருக்கும் கஷ்டம், ஏன்னா சரிவைப் பாத்ததும் உடம்பு தன்னால பின்னாடி சாயும், பின்னாடி சாஞ்சா குதிகால் பல்லு மட்டும் தான் பிடிக்கும், வழுக்கி உக்காந்துடுவீங்க. முட்டியை மடக்கி, எடையை முன்னாடி கொண்டு வந்து, சரிவை நேரா பாத்து, தட்டையா அழுத்தி அழுத்தி இறங்குங்க. முதல் பத்து அடிக்கு மனசு ஒத்துழைக்காது, பல்லு பிடிக்கிறதை கால் உணர்ந்ததும் பயம் போயிடும். குறுக்க நடக்குறப்ப கணுக்காலைச் சரிவுப் பக்கம் சாய்ச்சு எல்லாப் பல்லும் படுற மாதிரி வைங்க. கோடாரியை மேட்டுப்பக்கக் கையில, தலையைப் பிடிச்சு, கூர் முனை பின்னாடி பாக்குற மாதிரி வெச்சுக்கோங்க, ஆரம்ப நடையில அது ஊன்றுகோல் தான். வீசி விளையாடாதீங்க, பக்கத்துல ஆள் நிக்குது.

வரிசை விஷயத்துல கைடு கால் வெச்ச இடத்துலயே கால் வைங்க. வளைஞ்சு வளைஞ்சு போறாரே, நேரா போனா சீக்கிரம் போகலாமேன்னு தோணும், அந்த வளைவு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கும், கேட்டா சொல்லுவாங்க. பிளவு விளிம்புல எட்டிப் பாக்கணும்னா கேளுங்க, பெரும்பாலும் கைடே பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா காட்டுவாங்க. செல்ஃபி எடுக்கப் பின்னாடி நகர்றது தான் மோசமான பழக்கம், நின்ன இடத்துல நின்னு எடுங்க, எடுக்குறப்ப நடக்காதீங்க. போன் பேட்டரி குளிர்ல வேகமா இறங்கும், உள் பாக்கெட்ல உடம்போட ஒட்டி வெச்சுக்கோங்க.

நிக்கிற நேரத்துல சுத்தி நல்லா பாருங்க, அவசரமா போட்டோ எடுத்துட்டு நகர்ந்துட்டா நிறைய தவறிப் போகும். எனக்கு ரொம்பப் பிடிச்சது ஐஸ்ல இருக்குற சின்னச் சின்ன உருண்டைக் குழிங்க. காத்துல வந்த கறுப்புத் தூசி ஐஸ் மேல உக்காரும், கறுப்பு வெயிலை உறிஞ்சும், தூசிக்குக் கீழ இருக்குற ஐஸ் மட்டும் உருகும், தூசி கீழ இறங்கும், இப்படியே இறங்கி இறங்கி துளை போட்ட மாதிரி ஒரு குழி, அதுல கண்ணாடியா தண்ணி, அடியில ஒரு சிட்டிகைக் கறுப்பு மண்ணு. அந்த மண்ணுல நுண்ணுயிரெல்லாம் வாழுது. அதே மண்ணு தடிமனா சேர்ந்துட்டா நேர் எதிரா வேலை செய்யும், வெயில் உள்ள போகாம ஐஸைக் காப்பாத்தும், சுத்தி எல்லாம் உருகி இறங்க, அது மட்டும் கறுப்புக் கூம்பு மாதிரி எழும்பி நிக்கும். சோல்ஹெய்மாயோகுட்ல்ல ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துலயே பாக்கலாம். ஐஸ் ஏன் நீலம்னா, ஐஸ் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கும், நீலம் தான் மிஞ்சி வெளிய வரும். காத்துக் குமிழ் நிறைய இருந்தா வெள்ளையா தெரியும், அழுத்தத்துல குமிழெல்லாம் நசுங்கிப் போன பழைய ஐஸ்தான் நல்ல நீலம். மேகமூட்டமான நாள்ல நீலம் இன்னும் நல்லா தெரியும், வெயில் இல்லையேன்னு வருத்தப்பட வேண்டாம்.

ஐஸ் எவ்வளவு பின்வாங்கி இருக்குன்னு கைடு கிட்ட கேளுங்க. பல பேர் வருஷக் கணக்கா அதே இடத்துல வேலை செய்றவங்க, கண்ணு முன்னாடி கரையுறதைப் பாத்தவங்க. சோல்ஹெய்மாயோகுட்ல் விளிம்பை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பசங்க 2010ல இருந்து வருஷா வருஷம் அளந்துட்டு வர்றாங்க, அவங்க முதல்ல அளந்தப்ப ஐஸ் இருந்த இடத்துல இப்ப ஏரி. ஐஸ்லாந்தோட ஓக் கிளேசியர் 2014லயே கிளேசியர்னு சொல்ற தகுதியை இழந்துடுச்சு, 2019ல அதுக்கு நினைவுப் பலகை வெச்சாங்க. 2025ஐ ஐ.நா. கிளேசியர் பாதுகாப்புக்கான ஆண்டா அறிவிச்சது, மார்ச் 21 இப்ப உலக கிளேசியர் நாள். நீங்க அங்க பண்ண வேண்டியது சின்ன விஷயம்தான், ஒரு பேப்பர், ஒரு பழத்தோல் கூட மேல விடாதீங்க, உருகுற தண்ணியோட அது கீழ இருக்குற எல்லாருக்கும் வந்து சேரும். மேல ஓடுற ஓடைத் தண்ணியைக் குடிக்கலாமான்னு ஆசை வரும், கைடு காட்டுற ஓடையில மட்டும் பிடிங்க, எது சுத்தம், எந்த ஓரம் வழுக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

கைடு பாதியில திரும்பலாம்னு சொன்னா பேரம் பேசாதீங்க. காத்து கூடியிருக்கலாம், வழியில புதுசா ஒரு பிளவு திறந்திருக்கலாம், குரூப்ல யாருக்காவது முடியாம இருக்கலாம். காசு குடுத்துட்டு முழுசா நடக்காம திரும்புறது கஷ்டம்தான், எனக்குப் புரியுது, ஆனா "இன்னும் கொஞ்ச தூரம்"னு குரூப்பே சேர்ந்து கைடை நெருக்குறது அவங்களை ரொம்ப மோசமான நிலைமைல தள்ளும். கேன்சல் ஆனா பணம் திரும்புமா, தேதி மாத்துவாங்களா, பாதியில திரும்புனா என்னன்னு புக் பண்றப்பவே எழுத்துல வாங்கிட்டீங்கன்னா அந்த நேரத்துல மனசு சஞ்சலப்படாது.

இறங்குனதும் கைடு சொல்ற இடம் வர்ற வரைக்கும் கிராம்பானைக் கழட்டாதீங்க, கடைசி ஐம்பது அடியில மண்ணு மூடுன ஐஸ் இருக்கும், மண்ணுன்னு நினைச்சு கால் வெச்சா வழுக்கும். கழட்டுறப்ப பல்லு மேல கை வெக்காம பட்டையைப் பிடிச்சுக் கழட்டுங்க. கார்ல காஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடியும் பழக்கமான செருப்போ ஷூவோ வெச்சுக்கோங்க. அன்னைக்கு சாயங்காலம் தொடையும் முட்டியும் நல்லா வலிக்கும், இறங்குற நடை அப்படி, அதனால அதே நாள்ல இன்னொரு ஹைக்கோ ராத்திரி நீள டிரைவோ போடாதீங்க, பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கிடுங்க.